பதினேழு

ஒட்சோ மூன்று தாள்களில் கணக்கு எழுதித் தந்திருக்கிறான்.
தரைத்தகடு வெட்டி ஒட்ட ஒன்று,
சக்கர வளைவுகளின் துருவுக்கு ஒன்று,
மூன்றாவது பெயின்ட்.
மூன்றாவது தாள் மற்ற இரண்டையும் விழுங்கி
ஏப்பம் விடுகிறது.

துர்க்குவிலிருந்து பேசியவரோ
"தொட்டுவிடாதீர்கள் அம்மா,
முதல் பூச்சு இருந்தால்தான் விலை" என்கிறார்.
வெளுத்துப் போனதற்கும் விலை உண்டாம்.
எனக்கு யாரும் அப்படி ஒன்றும் தரவில்லை.

நாற்பத்தேழு வருஷத்து சாப்.
கடுகு மஞ்சள் என்கிறது பதிவுப் புத்தகம்.
கூரை இப்போது மோர் நிறம்.
வலப்பக்க முன் மட்கார்டு
எல்க் மான் மோதிய வருஷம் மாற்றியது;
பிரைமர் சாம்பலோடு அப்படியே நிற்கிறது.
அடுத்த கோடையில், அடுத்த கோடையில் என்று
பத்தொன்பது கோடை.

இதே உசிகௌபுங்கியில், கடலோரத் தொழிற்சாலையில்
குழல் விளக்குகளின் கீழ் நின்று
குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
பூச்சில் ஒரு தூசி, ஒரு வழிசல், ஊசிமுனைக் குமிழ்,
கண்டால் சுண்ணக்கட்டியால் வட்டம்.
வட்டம் விழுந்த வண்டி திரும்பிப் போகும்.
என் எண் பதினொன்று.
பதினேழு, ஹில்ப்பா.
அவள் கையில் சுண்ணக்கட்டி தேய்ந்து நான் பார்த்ததில்லை.
காபி நேரத்தில் ஒருநாள் அதைச் சொல்லியும் விட்டேன்.
அதற்குப் பிறகு அவள் என் மேசைக்கு வரவில்லை,
ஓய்வு பெற்ற நாள் வரைக்கும்.

நேற்று கராஜில் விளக்கைப் போட்டுப்
பழைய வழக்கப்படி தொடங்கினேன்.
கதவோரம், வட்டம்.
பானெட் முனையில் கல் தெறித்த புள்ளிகள், பதினான்கு வட்டம்.
டிக்கி மூடியில் சாவிக்கொத்து உரசி உரசி விழுந்த பிறை,
அதற்கொரு வட்டம்.
ஜன்னலுக்குக் கீழே, கோடைதோறும் என் முழங்கை சாய்ந்த இடம்,
மஞ்சள் போய், அடிப்பூச்சு போய்,
தகடே எட்டிப் பார்க்கிறது.
பெரிய வட்டம்.
ஒன்பது மணிக்குள் கட்டி தீர்ந்துபோனது.
வண்டி
அம்மை போட்ட குழந்தை மாதிரி நின்றது.

சரி, பூசிவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன்.
நிறத்துக்கு மாதிரி வேண்டும், வெயில் படாத இடத்தில் பாருங்கள்
என்று ஒட்சோ சொல்லியிருந்தான்.
ஸ்டெப்னியைத் தூக்கினேன்.

அடியில் மஞ்சள்.
இப்போதுதான் அரைத்த கடுகு; மூக்கில் ஏறும் மஞ்சள்.
அதன் நடுவே ஒரு வழிசல்,
சுண்டுவிரல் நீளம்,
முனையில் துளி திரண்டு,
விழ மனமில்லாமல் உறைந்திருக்கிறது.
பக்கத்தில் மைமுத்திரை: 17.

விட்டுவிட்டாளே! என்று கத்தினேன்.
கராஜில் யாருமில்லை.
வட்டம் போடச் சுண்ணத்தூள்கூட மிச்சமில்லை.
கேட்டுவிடலாம் என்றால் ஹில்ப்பா
மூன்று வருஷமாக
தேவாலயத்துக்குப் பின்னால் பிர்ச் மரத்தடியில்.

விரலால் தொட்டேன். வழுவழுப்பு.
இதனால் யாரும் சாகவில்லை.
இந்தத் துளிமேல்தான் ஸ்டெப்னி
இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறது,
ஒரு புகார் இல்லை.
நான் திருப்பி அனுப்பிய வண்டிகளை எண்ணிப் பார்த்தேன்,
பாதியில் விட்டுவிட்டேன்.

காலையில் ஒட்சோவுக்குப் போன் செய்து
முதல் தாள் சரி, இரண்டாவதும் சரி என்றேன்.
மூன்றாவது?
அந்த மட்கார்டை மட்டும் பூசு.
"அது ஒன்று மட்டும் புதுசாகத் தெரியுமே."
தெரியட்டும்.
"ஸ்டெப்னிக்கு அடியில் தேய்த்துச் சுத்தம் செய்யவா?"
அங்கே கை வைத்தால் கொலை விழும் என்றேன்.
சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.

துர்க்குக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.
வட்டங்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.
ஈரத்துணி மஞ்சளாகிறது.
ஏறுவது சுண்ணமா, காரா என்று
வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.